முதுகுக்குப் பின்னால் ஓபல்

டெல்மர் டாக்கெட் வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டார் என்பது ஜாப்ளினில் துப்பாக்கி வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அந்த ஊரில் துப்பாக்கி இல்லாதவர்கள் குறைவு என்பதால் கிட்டத்தட்ட ஊருக்கே தெரியும். பழைய நெடுஞ்சாலை ஓரத்துக் கடையில் பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கிறார். தோட்டா வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: இருக்கிறதிலேயே எது பலமானது? அதற்கு டெல்மரிடம் இருபது நிமிட பதில் ஒன்று தயாராக இருந்தது. அதைக் கேட்டவர்கள் கொஞ்சம் பெருமையோடும் நிறையத் தோட்டாக்களோடும் வெளியே போனார்கள்.

வெர்னா ஸ்ட்ரவுட் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலை, முழங்கை வரை வெள்ளைத் தூள் படிந்த கையோடு வந்து நின்றாள். ஐம்பத்து நாலு வயது. ஜிப்சம் போர்டு அடித்து, இணைப்புக்குப் பட்டை ஒட்டி, பூசி, தேய்த்து, சுவராக்குவது அவள் தொழில். சூறாவளி ஊரைத் துடைத்துப் போட்ட பிறகு எழுந்த வீடுகளில் பாதிக்கு உள்சுவர் போட்டது அவளும் அவளுடைய ஆட்களும்தான். செத்துப்போன அண்ணனின் ஒன்பது மில்லி கைத்துப்பாக்கியைக் காலி செய்து, திறந்தபடி, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அதை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இதுக்கு வீட்ல வெச்சுக்கற மாதிரி தோட்டா வேணும். சுட்டா குண்டு எங்க போய் நிக்கும்னு தெரியணும்."

"எங்க நிக்கும்னா? ஆள் மேலதான் நிக்கும்," என்றார் டெல்மர். உடனே இரண்டு தோட்டாக்களை எடுத்து வைத்தார். ஒன்றுக்கு முனை வழவழப்பாக உருண்டிருந்தது. இன்னொன்றுக்கு முனையில் குழி. "இந்த உருண்டை முனை பயிற்சிக்கு. விலை கம்மி. ஆனா ஆளைத் துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிடும், பின்னாடி யாரு நின்னாலும் அவங்களுக்கும் ஆபத்து. இந்தக் குழி முனை இருக்கே, இது உடம்புக்குள்ள போனதும் குடை மாதிரி விரியும். விரிஞ்சா வேகம் போயிடும். உள்ளேயே நின்னுடும். வீட்டுக்கு இதுதான்."

"ஆள் மேல பட்டா. படலைன்னா?"

"படற மாதிரி சுடணும், மேடம்."

"பயிற்சி எடுத்த போலீஸ்காரனே பதட்டத்துல பாதிக்கு மேல தவற விடறான்னு போன வாரம் நீங்கதான் யார்கிட்டயோ அளந்துட்டிருந்தீங்க. நான் பின்னாடி வரிசையில நின்னேன்."

டெல்மர் இரண்டு தோட்டாக்களையும் மேசைமேல் நேராக நிறுத்தி வைத்தார். 

பிறகு வெர்னா விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய பழைய புருஷன் ராய்ஸ் மூன்று வாரத்துக்கு முன்னால் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டான். வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. அதற்குள் இரண்டு முறை வந்துவிட்டான். போலீஸ் வர இருபது நிமிடம் ஆகிறது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அவளுடைய அக்கா ஓபல். நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருக்கிறவள். நாலு வருடத்துக்கு முன் அவளைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வதற்காக வெர்னா தன் வீட்டையே நடுவில் தடுத்து இரண்டாக்கினாள். ஓபலின் கட்டில் அந்தத் தடுப்புச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது.

"கட்டிலை மாத்திப் போடலாமே?"

"ஒரு பக்கம் ஜன்னல், குளிர் காத்து அவளுக்கு ஆகாது. ஒரு பக்கம் குளியலறைக் கதவு. இன்னொரு பக்கம் ஆக்சிஜன் மெஷின். அந்தச் சுவரை விட்டா வேற இடமில்லை. அந்தச் சுவரைப் போட்டதும் நான்தான். அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். காகிதத்துக்கு நடுவுல அமுக்கி வெச்ச மாவு, அவ்வளவுதான். ராய்ஸ்கிட்டேர்ந்து தப்பிக்கறேன்னு எங்க அக்காவைக் கொன்னுட்டு நான் யாருக்காக உயிரோட இருக்கணும்?"

டெல்மர் தன் இருபது நிமிடப் பேச்சை அன்றைக்குப் பாதியிலேயே விட்டார். சனிக்கிழமை காலை மச்சானுடைய கல்குவாரிக்கு வரச் சொன்னார். காலியான பிளாஸ்டிக் பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்துச் சுட்டால் எந்தக் குண்டு எத்தனை கேன் போகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்றார். ஊரில் எல்லோரும் செய்கிற சோதனைதான்.

"கேன் நீங்க கொண்டாங்க. சுவர் நான் கொண்டாறேன்," என்றாள் வெர்னா.

அவள் சொன்னதை டெல்மர் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துவிட்டார். சனிக்கிழமை அவளுடைய வண்டியின் பின்பக்கம் மூன்று சுவர்கள் நின்றன. மரச்சட்டம், இரண்டு பக்கமும் போர்டு, நடுவில் பஞ்சு. இணைப்புக்குப் பட்டை ஒட்டி, பூசித் தேய்த்து, இள மஞ்சளில் வண்ணமும் அடித்திருந்தது.

"பெயிண்ட் எதுக்குங்க? சுடத்தானே போறோம்?"

"எங்க சுவர் இந்தக் கலர்தான். அரைகுறையா வேலை செஞ்சு எனக்குப் பழக்கமில்லை."

முதல் சுற்று டெல்மருடைய சுற்று. ஏழு கேன்களை வரிசையாக வைத்து, முதல் கேன்மேல் நாலு மடிப்பு ஜீன்ஸ் துணியைப் போர்த்தி, குழி முனைத் தோட்டாவால் சுட்டார். மூன்றாவது கேனோடு குண்டு நின்றது. அதைத் தண்ணீரிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இதழ் இதழாக விரிந்து அழகாகத்தான் இருந்தது. தானே செய்த மாதிரி முகத்தில் ஒரு பெருமிதம்.

"இப்ப சுவருக்குப் பின்னாடி வைங்க," என்றாள் வெர்னா.

வைத்தார். சுட்டார். சுவரில் விரல் நுழையாத ஓர் ஓட்டை. கேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. மூன்று, நாலு, ஐந்து, ஆறு. ஏழாவது கேனின் அடியில் கிடந்தது குண்டு. விரியவே இல்லை. வெர்னா அதை எடுத்து முனையைப் பார்த்தாள். குழிக்குள் வெள்ளையாக இறுகிப்போயிருந்ததை நகத்தால் சுரண்டினாள்.

"ஜிப்சம். என்னோட சரக்கு உங்க சரக்கை அடைச்சுப்புட்டுது."

டெல்மர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். குழி அடைத்துக்கொண்டால் குண்டு விரியாது என்பதை அவர் எங்கேயோ படித்திருக்கிறார். படித்ததைத் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டு பத்தொன்பது வருடம் ஓட்டியிருக்கிறார். இப்படிப்பட்ட மாவுச் சுவர்களோடு நெருக்கமாக வீடுகள் இருக்கும் ஊரில் எத்தனை பேரிடம் "கவலைப்படாதீங்க, உள்ளேயே நின்னுடும்" என்று சொல்லி அனுப்பியிருப்பார். 

"சுவர்ல பட்டா பொடிப்பொடியா சிதறிடும்னு சொல்லி ஒரு தோட்டா விக்குது. அதையும் பாத்துடலாம்," என்றார், குரல் கொஞ்சம் இறங்கி.

அது இன்னொரு சுவரைத் தாண்டியும் மூன்று கேன்களை உடைத்தது. வெர்னா இடுப்பில் கைவைத்து நின்று அதையும் பார்த்தாள்.

"ஆள் மேல இது எப்படி?"

"உண்மையைச் சொன்னா நம்ப முடியாது. தடிச்ச கோட்டு போட்டுட்டு வந்தா மேலாகவே நின்னுடலாம். ஆள் விழாம உங்க மேலேயே வரலாம்."

"அப்ப ஆளைத் தடுக்காது, ஓபலையும் தாண்டிப் போகும். ரெண்டுக்கும் உதவாது." கீழே கிடந்த போர்டுத் துண்டை எடுத்து ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தாள். "முதல்ல சுட்டீங்களே, அதையே குடுங்க. ஆளைத் தடுக்கறது மட்டும் தோட்டாவோட வேலையா இருக்கட்டும். சுவரைத் தடுக்கச் சொல்லி அதுகிட்டக் கேக்கறது தப்பு. சுவரை நான் பாத்துக்கறேன்."

இந்த வாக்கியத்தை டெல்மர் பிறகு பல நாள் நினைத்துப் பார்த்தார். எத்தனையோ முன்னாள் சிப்பாய்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் அவர் தோட்டா விற்றிருக்கிறார். ஒருவராவது இவ்வளவு தெளிவாக யோசித்து அவர் பார்த்ததில்லை. அந்த நிமிஷம் அவளுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் போலிருந்தது. போடவில்லை. அந்த ஊரில் அப்படிச் செய்கிற வழக்கமும் இல்லை.

சோதனை முடிந்ததும் இருபது அடங்கிய புதுப் பெட்டி ஒன்றை வாங்கி, அதில் பத்தை மேகசினில், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாக்கூட்டில், வெர்னா போட்டுக்கொண்டாள். பிறகு பயிற்சி. அவளுடைய மேகசினில் அவள் போட்டிருந்த பத்துக் குழி முனைத் தோட்டாக்களையும் டெல்மர் வெளியே எடுத்து, அவற்றின் பெட்டியிலேயே போட்டுத் தன் பைக்குள் வைத்தார். பயிற்சிக்கு மலிவான உருண்டை முனை போதும். வெர்னா ஐம்பது சுற்று சுட்டாள். கடைசிப் பத்து ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கின. ஆனால் கட்டைவிரல் வீங்கிவிட்டது. முப்பது வருடம் பூச்சுக் கரண்டி பிடித்த கை. மேகசின் ஸ்பிரிங் இறுக்கமானது, ஒவ்வொரு தோட்டாவாக அழுத்தி உள்ளே தள்ள வேண்டும்.

அப்போது ஃபோன் வந்தது. ஓபல். மெஷின் கீச்கீச்சென்று கத்துகிறதாம்.

"போகணும். இதை முதல்ல நிரப்பிடறேன்," என்று வெர்னா அவசரமாக மேகசினை எடுத்தாள். விரல் வழுக்கியது. வலியில் உதட்டைக் கடித்தாள்.

"குடுங்க, நான் போட்டுத் தர்றேன்," என்றார் டெல்மர்.

சுடுமிடத்தில் பெண்களுக்கு மேகசின் நிரப்பிக் கொடுப்பது அங்கே ஆண்களின் மரியாதை. கதவைத் திறந்துவிடுகிற மாதிரி, கோட்டை வாங்கி மாட்டுகிற மாதிரி. யாரும் யோசித்துச் செய்வதில்லை. வெர்னா வழக்கமாகத் தன் சாமான்களை யாரையும் தொடவிட மாட்டாள். அன்றைக்குக் கொடுத்துவிட்டாள். டெல்மர் பேசிக்கொண்டே, மெஷினில் வடிகட்டி அடைத்திருக்கும் என்று யோசனை வேறு சொல்லிக்கொண்டே, கைக்கு வந்த தோட்டாக்களைப் பத்து முறை அழுத்தினார். அவள் அதைத் துப்பாக்கியில் செருகி, உறையில் வைத்துக்கொண்டு, புழுதி கிளப்பிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும், டெல்மர் அவள் வீட்டுக்குப் போனார். சுவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாளே, என்னதான் செய்திருக்கிறாள் என்று பார்க்கும் ஆசை.

சமையலறை ஒரு கிடங்கு மாதிரி இருந்தது. தடுப்புச் சுவருக்கு நேரெதிரே, ஃபிரிட்ஜை ஒட்டி, வெளிச்சுவரை மறைத்து, தரையில் பதிக்கும் டைல் ஓட்டுப் பெட்டிகளை நெஞ்சு உயரத்துக்கு இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தாள். வேலைகளில் மிச்சமானவை. அதற்கு வெளியே செங்கல், அதற்கும் வெளியே காலி மனை. சாப்பாட்டு மேசையை ஓரத்திலிருந்து இழுத்து நட்டநடுவில் போட்டிருந்தாள். தடுப்புச் சுவரின் அடியில் தரையில் நீளமாக நீல டேப்பு ஒட்டியிருந்தது. வண்ணம் அடிக்கும்போது ஓரத்தில் ஒட்டுகிற டேப்பு.

"இந்த டேப்புல நின்னாத்தான் சுடலாம். ஓபல் என் முதுகுக்குப் பின்னாடி இருப்பா. எதிர்ல ஓடு, செங்கல். வேற எங்க நின்னாலும் விரல் உள்ள போகக் கூடாது. என் படுக்கையறையிலயும் இதே மாதிரிதான், என் கட்டிலைத் திருப்பிப் போட்டுட்டேன்."

"மேசை எதுக்கு நடுவுல?"

"தப்பான பக்கத்துல நான் மாட்டிக்கிட்டா? சுத்தி வர ஏதாவது வேணுமே."

சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. "நேத்தியிலேர்ந்து எட்டு வெச்சு எட்டு வெச்சு நடந்து பாக்கறா தம்பி. எனக்கு டிவி கேக்கவிடலை. வயசான காலத்துல டான்ஸ் கத்துக்கறாளோன்னு நினைச்சேன்."

"நீ டிவியைப் பாரு," என்றாள் வெர்னா சுவரைப் பார்த்து.

டெல்மர் சிரித்தார். போகும்போது அவளுடைய இடுப்பைக் காட்டிக் கேட்டார். "தோட்டா போட்டிருக்கீங்கல்ல?"

"நீங்க போட்டதுதான்."

"அப்ப சரி," என்றார்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குக் கடையில் பயிற்சிப் பையைக் காலி செய்தார். காது மூடி, கண்ணாடி, எண்ணெய்த் துணி. அடியில் ஒரு பெட்டி. திறந்தார். குழி முனைத் தோட்டாக்கள் இருபதும் இருந்தன.

எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் எண்ணினார். அவள் இடுப்பில் இருப்பது எது என்று அப்போதுதான் விளங்கியது. ஆளைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகிற உருண்டை முனை. பத்தும் அவர் கையாலேயே போட்டது. குண்டு எங்கே போய் நிற்கும் என்பதுதான் முதல் நாள் அவள் கேட்ட ஒரே விஷயம். ஃபோன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தார். பிறகு பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடையை அப்படியே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஜாப்ளினில் கடையைப் பூட்டாமல் டெல்மர் போனது அதுதான் முதல் முறை.

தெருமுனையிலேயே விளக்குகள் சுழல்வது தெரிந்தது. இரண்டு போலீஸ் வண்டி. ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு எதிரே போனது. வெர்னாவின் வாசலில் மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.  வீட்டின் மறுபாதி வாசலில், நடக்க ஊன்றும் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மூக்கில் குழாயோடு ஓபல் நின்றாள். முழுசாக. அவளைப் பார்த்ததும் டெல்மர் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"வெர்னா?"

"கையை உடைச்சுட்டான் அந்தப் பாவி ராய்ஸ். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா, நடந்தேதான் வண்டியில ஏறினா. அவனைத்தான் தூக்கிட்டுப் போனாங்க. உயிர் இருக்கு. உள்ள வா தம்பி, எனக்கு நிக்க முடியலை, உனக்கும் முடியாது போலிருக்கு."

உள்ளே கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கி வாங்கி ஓபல் சொன்னாள். அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. எல்லாம் சுவர் வழியே கேட்டதுதான்.

"பின்கதவை உடைக்கற சத்தம். நான் டிவியை நிறுத்திட்டேன். வெளிய போடான்னு இவ கத்தறா. அவன் கையில டயர் கழட்டற இரும்பு, அது மேசையில டங்குடங்குன்னு அடிக்குது. துப்பாக்கி இருக்கு, சுட்டுருவேன்கறா. சுடேன்கறான். அவ சுடலை. எனக்கு உசுரே போச்சு. ஏண்டி சுடமாட்டேங்கறேன்னு நானே கத்தினேன். அப்புறம்தான் காலடி கேட்டுது. மெதுவா. ஒண்ணு, ரெண்டு, மூணு. அதே நடை தம்பி, ரெண்டு நாளா நடந்தாளே அது. அவ ஃபிரிட்ஜுகிட்ட இருந்திருக்கா. மேசையைச் சுத்தி வர்றா. அவனும் சுத்தி வர்றான். நடுவுல இரும்பால ஒண்ணு போட்டான், எலும்பு உடையற சத்தம் எனக்கே கேட்டுது. அவ முனகினா. நடையை நிறுத்தலை. அப்புறம் அவ முதுகு இந்தச் சுவர்ல வந்து தட்டுச்சு. இதோ, இங்க." ஓபல் தலையணைக்கு மேலே சுவரில் உள்ளங்கையை வைத்தாள். "அதுக்கப்புறம்தான் சுட்டா. ஒரே ஒரு தடவை."

 சுவருக்கு அந்தப் பக்கம் போலீஸ்காரர்கள் பேசுவது கணீரென்று கேட்டது.

"இடுப்புக்கு மேல புகுந்து வெளிய வந்திருக்கு. பின்னாடி இருந்த பெட்டிக்குள்ள எத்தனை ஓடு உடைஞ்சிருக்கு பாரு."

"பதினொண்ணு. குண்டு இதோ. உருண்டை முனை, கொஞ்சம்தான் சப்பியிருக்கு."

"ஓடு மட்டும் இல்லைன்னா வெளிச்சுவர் வரைக்கும் போயிருக்கும்."

"ஃபிரிட்ஜ் பக்கத்துலேர்ந்து இந்தத் தடுப்பைப் பாத்துச் சுட்டிருந்தா?"

 டெல்மர் ஓபலின் தலையணையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பால் கேன்கள் வரிசையாக வெடித்தது கண்முன் வந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வெர்னா வந்தாள். இடது கையில் விரல் நுனி வரை மாவுக்கட்டு. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. வாசலில் டெல்மரைப் பார்த்ததும், "பாருங்க, ஊருக்கெல்லாம் ஜிப்சம் பூசினவளுக்கு இன்னொருத்தன் பூசிவிட்டுட்டான். அதுவும் மேடு பள்ளமா," என்றாள்.

டெல்மர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்து அவளுடைய மேசைமேல் வைத்துத் திறந்தார்.

"இருபதும் இதுல இருக்கு. சனிக்கிழமை நான் உங்க மேகசின்ல போட்டது பயிற்சித் தோட்டா. பேச்சுப் பராக்குல பாக்காமப் போட்டுட்டேன். நேத்தி இங்க வந்தப்பவும் பாக்கலை. இதுக்கு மேல சொல்ல எனக்கு வாயில்லை."

வெர்னா ஒரு தோட்டாவை எடுத்து முனைக் குழியை நகத்தால் தொட்டாள். 

"ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர் அந்தக் குண்டைக் காட்டினப்பவே தெரிஞ்சுபோச்சு," என்றாள். "ஆஸ்பத்திரியில கையை இழுத்துக் கட்டறப்பகூட வலி தெரியலை. உங்களை என்ன பண்றதுன்னுதான் யோசிச்சுட்டிருந்தேன். கல்லால அடிக்கலாம்னு இருந்துது."

"அடிங்க."

"ஒரு கைதான் இருக்கு. இன்னொரு நாளைக்கு." நாற்காலியில் உட்கார்ந்தாள். "நானும்தான் பாக்கலை. வெளிய எடுத்து ஒரு பார்வை பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒருத்தர் மரியாதை பண்றாரேன்னு விட்டுட்டேன். இனிமே என் மேகசினை நானே நிரப்பிக்கறேன். பல்லால கடிச்சாவது."

"அவன் உங்களை அடிச்சப்ப, கையில துப்பாக்கி இருந்தும், எப்படிங்க சுடாம இருந்தீங்க?"  டெல்மரால் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து அவர் நெஞ்சில் நின்றது அது ஒன்றுதான். தன் எலும்பு உடையும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அந்த டேப்பு வரை நடந்தாளே. அப்படி ஒரு ஆளை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

வெர்னா எழுந்து அவருடைய முழங்கையைப் பிடித்து, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். காலையில் அவள் முதலில் நின்ற இடம். தோளைத் திருப்பித் தடுப்புச் சுவரைப் பார்க்க வைத்தாள்.

"இங்க நின்னு பாருங்க. என்ன தெரியுது?"

"சுவர்," என்றார் டெல்மர்.

"வேற?"

இள மஞ்சள் சுவர். இணைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாத வேலை. அதற்குக் கீழே நீல டேப்பு. வேறொன்றும் இல்லை.

"தம்பி," என்றது சுவர், அவர் நெஞ்சுக்கு நேராக. "காபி போட்டிருக்கேன். சர்க்கரை எத்தனை?"

டெல்மர் குரலை உயர்த்தவே இல்லை. சொல்லப்போனால் அது வெறும் மூச்சாகத்தான் வந்தது.

"ரெண்டு," என்றார்.

"ரெண்டா, சரி," என்றாள் ஓபல்.